களிமண் கைவேலை: முதற்பாடம்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டில் வாழும் விவசாயப் பெருமக்களுக்குக் களிமண்ணின் குணத்தைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் காலைப் பற்றி இழுப்பதும், கோடையில் வெடித்துப் பிளப்பதும், இன்று ஏருக்கு இணங்கி நாளை இணங்க மறுப்பதும் அவர்கள் நாள்தோறும் கண்டறிந்தவையே. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று போற்றப்படும் பாகூர்ப் பகுதியில் நெல்லுக்குத் தாயாக விளங்கும் அந்த மண்ணே, மனிதனின் விரல்பட்டு விளக்காகவும் குதிரையாகவும் தெய்வ உருவாகவும் மாறும் வல்லமை உடையது. அந்த வேலையை ஊரிலுள்ள சிறுவரும் பெண்டிரும் ஓய்வு நாட்களில் கற்றுக்கொள்வதற்கான முதற்பாடத்தை இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். அத்துடன், அம்மண்ணை எங்கிருந்து எடுப்பது என்னும் கேள்வியையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது கட்டுரையின் முடிவில் விளங்கும்.

சக்கரம் இல்லாமலும் இயலும்

மண்பாண்டம் என்றவுடனே சுழலும் சக்கரமே நம் நினைவுக்கு வருகிறது. சக்கரத்தில் வனையும் திறன் பல ஆண்டுப் பயிற்சியினால் மட்டுமே கைகூடும். ஆனால் சக்கரத்தைத் தொடாமல், கைவிரல்களைக் கொண்டே உருவாக்கும் வேலை அதற்கு முற்பட்டது; எவரும் ஒரு வாரத்தில் தொடங்கத்தக்கது. மணிப்பூர் மாநிலத்தின் ஆந்திரோ என்னும் ஊரில் பெண்கள் இன்றும் சக்கரமின்றியே பானை செய்கின்றனர். அம்மாநிலத்தின் லோங்பி ஊரில் செய்யப்படும் கரிய பாத்திரங்களும் சக்கரத்தில் வனையப்பட்டவை அல்ல.

அவ்வளவு தூரம் செல்வானேன்? நம் ஊர்களின் எல்லையில் அய்யனார் கோயிலின் முன் ஆள் உயரத்திற்கும் மேலாக நிற்கும் மண் குதிரைகள் கைவேலையின் சிகரம் அன்றோ? நான்கு கால்களை உள்ளீடற்ற உருளைகளாக முதலில் நிறுத்தி, அவை இறுகியபின் வயிற்றுப் பகுதியையும், அது இறுகியபின் கழுத்தையும் தலையையும் ஏற்றி, படிப்படியாகவே அவற்றைக் கட்டுகின்றனர். சக்கரத்தில் முழுக் குதிரையைச் சுழற்றி எடுத்தவர் எவருமில்லை.

புதுச்சேரிப் பகுதியில் மண் வேலையின் வேர் மிக ஆழமானது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்குப் புழங்கிய மட்கலங்களைக் குவியல் குவியலாக வெளிக்கொணர்ந்தது. ரோமானிய நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகளும் உள்ளூர்ப் பானைகளின் ஓடுகளும் ஒரே மண்ணடுக்கில் கிடந்தன. நம் காலத்திற்கு வந்தால், வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டிற்கு 2010-11ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அப்பகுதியின் சுடுமண் சிற்பி வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆகவே நாம் கூறப்போவது அயலூர்க் கலை அன்று. பக்கத்து ஊரின் கலையே.

மண்ணைச் சோதித்தல்

எல்லா மண்ணும் கைவேலைக்கு உதவாது. ஆகவே முதல் வேலை சோதனையே. அதற்கு மூன்று எளிய வழிகள் உண்டு.

முதலாவது, ஈர மண்ணைச் சுண்டுவிரல் பருமனுள்ள திரியாக உருட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்த்தல். விரிசலின்றி வளைந்தால் பசை போதும். வளையும்போதே பிளந்தால் மணல் மிகுதி. விரலில் ஒட்டிக்கொண்டு உருவே பிடிக்காவிடில் ஈரம் மிகுதி. சற்று உலர்த்திப் பின் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுருக்கத்தை அளத்தல். ஒரு சாண் நீளமுள்ள மண் பட்டையைத் தட்டி, அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்திற்குக் கோடு கீறி, நிழலில் உலர்த்துக. முற்றும் உலர்ந்தபின் அக்கோட்டை மீண்டும் அளந்தால் அது 10 சென்டிமீட்டர் இராது. 9.3 ஆக இருந்தால் சுருக்கம் நூற்றுக்கு 7 என்று பொருள். இது வேலைக்கு ஏற்றது. 9 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் அம்மண் உலரும்போது வெடிக்கும். மணல் கலந்து சுருக்கத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணால் காணும் குற்றங்கள். உலர்ந்த பட்டையின்மேல் வெண்மையாகப் பூத்திருந்தால் மண்ணில் உவர் இருக்கிறது. மண்ணில் வெண்ணிறச் சுக்கான் கற்கள் காணப்பட்டால் மிகவும் எச்சரிக்கை தேவை. பயறளவுள்ள ஒரு சுக்கான் கல் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பொருளை வெளியே எடுத்தபின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அச்சுண்ணாம்பு பூரிக்கும். நன்றாக வெந்த குதிரையின் முதுகிலிருந்து சில நாள் கழித்து ஒரு சில்லு தானே தெறித்து விழுவதன் காரணம் இதுவே.

மண்ணைப் பதப்படுத்தல்

தேர்ந்த மண்ணை வெயிலில் நன்கு உலர்த்திக் கட்டிகளை உடைக்க வேண்டும். உலர்ந்த மண்ணே நீரில் எளிதாகக் கரையும். ஈரக் கட்டி எளிதில் கரையாது. தொட்டியில் நீர் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, கூழாகக் கலக்கி, சல்லடையில் வடிகட்டினால் வேரும் கல்லும் நீங்கும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, கூழைச் சாக்கின்மேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டுவைக்கலாம்.

பிறகு மணல் சேர்த்தல் வேண்டும். நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு நுண்மணல் என்பது தொடக்கக் கணக்கு. சுருக்கச் சோதனையின் முடிவைப் பார்த்து இதனைக் கூட்டலாம், குறைக்கலாம். பெரிய உருவங்களுக்கு உமியோ நறுக்கிய வைக்கோலோ சிறிதளவு சேர்ப்பது வழக்கம். அவை உலரும்போது மண்ணைப் பிணைக்கின்றன. தீயில் எரிந்து மறைந்தபின் ஆவி வெளியேறுவதற்கு நுண்ணிய வழிகளை விட்டுச் செல்கின்றன.

இறுதியாக, மண்ணைக் காலால் மிதித்துக் கையால் பிசைதல். உள்ளே காற்று தங்காமலும் ஈரம் எங்கும் ஒரே சீராக நிற்கும்படியும் பிசைய வேண்டும். மண்கட்டியை மெல்லிய கம்பியால் இரண்டாக அறுத்து, வெட்டு முகத்தைப் பாருங்கள். ஓட்டையோ நிற வேறுபாடோ தெரியாவிடில் மண் ஆயத்தமாகிவிட்டது. ஈரச்சாக்கில் பொதிந்து சில வாரம் வைத்திருந்தால் அதன் இளக்கம் இன்னும் கூடும்.

மூன்று முறைகள்

கைவேலையின் அடிப்படை முறைகள் மூன்று. அவற்றை இவ்வரிசையில் பயில்வதே நன்று.

குழித்தல்: சாத்துக்குடி அளவுள்ள உருண்டையை இடக் கையில் ஏந்தி, வலக் கைப் பெருவிரலை நடுவே அழுத்துக. அடியில் ஒரு விரற்பருமன் மண் எஞ்சும்வரை இறக்கி நிறுத்திக் கொள்க. பிறகு பெருவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயுமாகப் பிடித்து, உருண்டையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே சுவரை மெல்லியதாக்குக. அடியிலிருந்து தொடங்கி விளிம்பில் முடிக்க வேண்டும். விளிம்பை முதலில் மெல்லியதாக்கினால் அது உலர்ந்து வெடித்துவிடும். அகல் விளக்கும் சிறு கிண்ணமும் இம்முறையில் பிறக்கின்றன. விரல்களுக்குப் பருமன் அறியும் உணர்வைக் கற்பிப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

திரி அடுக்குதல்: தட்டையான அடிப்பலகையொன்றை மண்ணால் செய்து, அதன் விளிம்பில் சுண்டுவிரல் பருமனுள்ள திரியை வளையமாக வைத்து, அதன்மேல் மற்றொன்றாக ஏற்றுதல் இம்முறை. ஒவ்வொரு திரியையும் உட்புறத்தில் விரலால் கீழ்நோக்கி இழுத்து, அடியிலுள்ள திரியுடன் ஒன்றாக்க வேண்டும். மூன்று நான்கு வரிசை ஏறியவுடன் நிறுத்திவிடுக. கீழ்ப்பகுதி சற்று இறுகிய பின்னரே மேலும் ஏற்ற வேண்டும். ஆசைப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் அடிப்பகுதி சுமை தாங்காமல் சரியும். உயர்ந்த சாடிகளும் குதிரையின் உடலும் இவ்வாறே எழுகின்றன.

பலகையாக்கல்: ஒரே பருமனுள்ள இரண்டு மரச் சட்டங்களை இருபுறமும் வைத்து, நடுவே மண்ணை இட்டு, உருளைக் கட்டையால் உருட்டினால் சீரான தகடு கிடைக்கும். அது தோல்போல் இறுகும்வரை காத்திருந்து, கத்தியால் வெட்டி, பெட்டியாகவோ மாடவிளக்காகவோ பொருத்தலாம்.

இம்மூன்றிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது இரு முகங்களையும் கூரிய குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டும் ஒரே அளவு ஈரமுடையனவாக இருத்தல் வேண்டும். உலர்ந்த உடலில் ஈரக் காதை ஒட்டினால், காது மட்டும் சுருங்கி விழுந்துவிடும்.

உலர்த்துதலும் சுடுதலும்

செய்து முடித்த பொருளை வெயிலில் வைக்கும் அவசரமே தொடக்கக்காரரின் பெரும்பகை. மேற்புறம் விரைவில் சுருங்க, உட்புறம் ஈரமாகவே நிற்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பொருள் பிளக்கிறது. காற்றோட்டமுள்ள நிழலில், முதல் இரண்டு நாட்கள் ஈரத்துணி மூடி, பிறகு துணியை நீக்கி, சிறு பொருள்களை ஒரு வாரமும் பெரியவற்றை இரண்டு மூன்று வாரமும் உலர்த்துக. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியுமாயின் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

நாம் முதன்முதலில் செய்த குதிரை இப்பாடத்தைக் கற்பித்தது. கால்கள் உறுதியாக நிற்க வேண்டும் என்று எண்ணி, அவற்றை உள்ளீடு நிறைந்தனவாகச் செய்துவிட்டோம். வெளியே உலர்ந்து காணப்பட்டது. உள்ளே ஈரம் தங்கியிருந்தது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். தீ மூட்டிய சிறிது நேரத்தில் சூளைக்குள் வெடியோசை கேட்டது. மறுநாள் குதிரையின் உடல் மட்டும் கிடைத்தது. பருமனான பகுதியைக் குடைந்து உள்ளீடற்றதாக்க வேண்டும் என்பதையும், மூடிய உருவத்தில் ஆவி வெளியேற ஒரு துளையாவது விட வேண்டும் என்பதையும் அன்று அறிந்தோம்.

சிறு பொருள்களைச் சுடுவதற்குப் பெரிய சூளை தேவையில்லை. மூன்று அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள குழியில் உமியும் வறட்டியும் பரப்பி, பொருள்களை அடுக்கி, மேலும் வறட்டியும் வைக்கோலும் மூடி எரிக்கலாம். முதல் இரண்டு மூன்று மணி நேரம் புகை மட்டுமே எழும்படி சிறு தீயாகவே இருக்க வேண்டும். பிறகு தீயை வளர்த்து, பொருள்கள் செந்நிறமாக ஒளிரும் நிலை வரும்வரை எரிக்க வேண்டும். அதன்பின் இரவு முழுதும் தானே ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் விரிசல் காணும். வைக்கோற்போருக்கும் கூரை வீட்டிற்கும் அருகிலும், காற்று பலமாக வீசும் நாளிலும் தீ மூட்டலாகாது. சிறுவர்கள் பயிலும் இடத்தில் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயம்.

இந்தத் தீயில் நிகழ்வது என்ன? 100 டிகிரி சென்டிகிரேடு அளவில் மண்ணில் எஞ்சிய ஈரம் போகிறது. ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணின் நுண்துகள்களோடு பிணைந்த நீரும் பிரிந்துவிடுகிறது. அந்த எல்லையைக் கடந்தபின் எத்தனை ஆண்டு நீரில் ஊறினாலும் அது சேறாகாது. காற்று நிறையக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து பொருளைச் சிவப்பாக்கும். காற்றை அடைத்துப் புகையூட்டினால் கறுப்பாக்கும்.

சுடும்வரை எதுவும் இழப்பன்று

மேற்கூறியதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சுடாத மண்பொருள் எவ்வளவு கோணலாக இருப்பினும், தொட்டியில் போட்டு ஊறவைத்தால் மறுநாள் மீண்டும் மண்ணே. பத்து முறை செய்து பத்து முறை அழிக்கலாம்; ஒரு பிடியும் வீணாவதில்லை. கற்பவனுக்கு இவ்வளவு தாராளமான பொருள் வேறொன்றும் இல்லை. ஆனால் தீயில் வெந்துவிட்டால், நன்றாயினும் தீதாயினும், அது நிலைத்துவிடும். வெந்த மண் மீண்டும் வயலாகாது.

ஆகவே பயிலும் இடத்தில் ஒரு விதியை வகுத்துக் கொள்ளலாம்: ஒவ்வொருவரும் செய்தவற்றுள் மிகச் சிறந்த ஒன்று மட்டுமே சூளைக்குச் செல்லும், மற்றவை தொட்டிக்குத் திரும்பும். இவ்விதியினால் கை விரைவில் தேர்ச்சி பெறுகிறது. விறகும் மண்ணும் மிச்சமாகின்றன.

மண் எங்கிருந்து?

இனி பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு உரிய பகுதி. சாதாரணச் செங்கல் ஒன்றின் எடை ஏறக்குறைய 3 கிலோ. ஆயிரம் செங்கல்லுக்கு 3 டன் மண் வேண்டும். கைவேலை பயிலும் சிறுவன் ஒருவனுக்கு 3 கிலோ மண் போதும். இருபது சிறுவர்களுக்கு 60 கிலோ, அதாவது இருபது செங்கல்லுக்கான மண். ஒரு பயிற்சி வகுப்பினால் ஊரின் மண் குறைந்துவிடாது.

எனினும் வயலின் மேல்மண்ணைத் தொடலாகாது என்பதே நம் உறுதியான கருத்து. பயிருக்கு உணவூட்டும் சத்தும் நுண்ணுயிரும் மேலுள்ள ஒரு சாண் மண்ணிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளன. அதனைச் சூளைக்கு விற்ற விவசாயி அன்று பணம் பெறுகிறார். பின்வரும் பல போகங்களில் விளைச்சல் குறைந்து அதனைத் திருப்பிச் செலுத்துகிறார். பெருமளவில் மண் வெட்டப்படும் ஊர்களில், மரபாகப் பானை செய்வோர் தமக்கு வேண்டிய ஒரு வண்டி மண்ணுக்கும் அலையும் நிலை ஏற்படுகிறது. வயலுக்கும் கேடு, தொழிலுக்கும் கேடு.

இதற்கு ஏரியே விடை. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே ஆகும். மழைநீரோடு வந்து ஏரியின் அடியில் படியும் வண்டல், ஏரியின் கொள்ளளவைக் குறைப்பது. அதனை முறையாக எடுப்பது ஏரிக்கும் நன்மை, மண் வேலைக்கும் நன்மை. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள், ஏரி குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் விவசாயத்திற்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுக்க வழி செய்துள்ளன. 2024ஆம் ஆண்டில் அவ்வனுமதியை வட்டாட்சியரிடமே பெறும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. புதுச்சேரியில் உள்ளோர் வருவாய்த் துறையையும், ஏரியைப் பராமரிக்கும் துறையையும் முன்னதாக அணுகி, எழுத்து மூலமான இசைவைப் பெற்ற பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கரையின் அடியிலும் மதகின் அருகிலும் வெட்டலாகாது, கரை வலுவிழக்கும். ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டாமல் பரவலாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆழக் குழிகள் பின்னர் கால்நடைக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தாகும். ஏரி வற்றும் சித்திரை, வைகாசியே ஏற்ற காலம். அப்போது எடுத்த மண்ணைப் பொது இடமொன்றில் மூடிய குழியில் சேமித்து வைத்தால் ஆண்டு முழுதும் பயன்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொருள் உலராது, சுடவும் இயலாது. அம்மாதங்களை மண் பிசைவதற்கும் உருவம் பழகுவதற்கும் ஒதுக்கி, தை பிறந்தபின் சுடுவதே தக்கது.

பயிற்சியும் பிழைப்பும்

வகுப்பை நடத்தத் தக்கவர், சுற்றுவட்டாரத்தில் மண் வேலையில் கை தேர்ந்த தொழிலாளரே. அவரை ஆசிரியராக மதித்து, உரிய ஊதியம் அளித்து அழைப்பது பஞ்சாயத்தின் கடமை. ஏட்டில் எழுதிய இப்பாடம், அவர் ஒரு நாழிகை செய்து காட்டுவதற்கு ஈடாகாது.

தொடக்கநிலையில் செய்யத்தக்க பொருள்களுக்குச் சந்தையும் உண்டு. கார்த்திகைக்கு அகல் விளக்கு, ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையார் ஆகியவை எப்போதும் தேவைப்படுவன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள், நீரில் கரைக்கும் சிலைகளைச் சாந்துக் கலவையினால் அல்லாமல் இயற்கைக் களிமண்ணால் செய்ய வேண்டும் என்கின்றன. அத்தகைய பிள்ளையாரைச் சுட வேண்டியதில்லை. கரைத்தவுடன் மண் மண்ணோடு சேர்கிறது. குழியில் சுட்ட கலங்கள் நீர் கசியும் தன்மையுடையன. அவற்றைப் பூந்தொட்டியாகவும் விளக்காகவும் விற்கலாம். பாலும் எண்ணெயும் வைத்திருக்க அவை உதவா.

இதனையே பிழைப்பாகக் கொண்டுள்ள 18 வயது நிறைந்தோருக்கு, 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் உள்ளது. அதன்கீழ் அடங்கும் 18 தொழில்களுள் குயவுத் தொழிலும் ஒன்று. பயிற்சி நாட்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையிலும், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் கடனாகவும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. கிராமங்களில் மனுக்களின் முதற் சரிபார்ப்பு பஞ்சாயத்து நிலையிலேயே நடைபெறுவதால், உண்மையாக மண்ணில் கை வைப்பவர் யார் என்று அறிந்து பரிந்துரைப்பது அங்கத்தினர்களின் பொறுப்பாகிறது.

முடிவாக ஒன்று கூறுவோம். மண்ணைச் சோதித்து, காத்திருந்து, தக்கதை மட்டும் தீயிலிடுவது கைவேலை கற்பவனின் ஒழுக்கம். ஊரின் மண்ணைப் பற்றி முடிவெடுக்கும் பஞ்சாயத்திற்கும் அதுவே ஒழுக்கமாதல் வேண்டும். வரும் கோடையில் செலியமேட்டிலும் அதனையடுத்த ஊர்களிலும் இசைவு பெற்று ஒரு வண்டி ஏரி மண்ணை எடுத்து வைத்து, பள்ளி விடுமுறையில் ஒரு வகுப்பைத் தொடங்குவார்களாயின், அடுத்த கார்த்திகையில் அவ்வூர் வீடுகளில் எரியும் அகல்களுள் சிலவேனும் அவ்வூர்ச் சிறுவர்களின் விரல்தடம் பதிந்தவையாக இருக்கும்.